எந்த உடல்வாகுக்கு எந்த பேன்ட்? கடைகளில் கிடைப்பவை குறித்து ஒரு மதிப்பீடு

தி.நகர் உஸ்மான் சாலையிலும் பாண்டி பஜாரிலும் பெண்களுக்கான பேன்ட் விற்காத துணிக்கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு காலத்தில் லெக்கின்ஸ் மட்டுமே அடுக்கியிருந்த அலமாரிகளில் இப்போது சிகரெட் பேன்ட், ஸ்ட்ரெயிட் பேன்ட், பலாஸோ, பூட்கட், வைட்லெக் என்று வகைகள் நிறைந்துவிட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கோ கலர்ஸ், பெண்களின் கீழாடையை மட்டுமே முதன்மையாக வைத்து நாடெங்கும் கடைகளைத் திறந்து, அதன் தாய் நிறுவனம் 2021 நவம்பரில் பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது என்பதிலிருந்தே இந்தச் சந்தை எவ்வளவு பெரிது என்று ஊகிக்கலாம். வகைகள் பெருகிய அளவுக்குப் பொருத்தம் பெருகியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பெண்கள் நால்வருக்கும் நான்கு விதமான உடல்வாகு. எனக்கு இடுப்பு ஒடுங்கியும் பின்புறமும் தொடையும் அகன்றும் இருக்கும். அண்ணிக்கு வயிறு சற்று முன்தள்ளியிருக்கும்; கால்கள் மெலிந்தவை. தங்கை ஐந்தடியைத் தொடமாட்டாள். கல்லூரிக்குப் போகும் மகளுக்கு இடுப்பும் பின்புறமும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒவ்வொரு வகையையும் நால்வரும் அணிந்து பார்த்த பிறகே இந்தக் கருத்துகளைச் சொல்கிறேன்.

முதலில் அளவுச்சீட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கடையில் நம்மிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி இடுப்பளவு என்ன என்பதுதான். 32 என்று சொன்னால் 32 எடுத்துத் தருவார்கள். அந்த பேன்ட்டை மேசைமேல் விரித்து அளவு நாடாவை வைத்தால் ஒன்று 32 இருக்கும், மற்றொன்று 34 இருக்கும். வாடிக்கையாளருக்குத் தான் இளைத்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியைக் கொடுப்பதற்காக எண்ணைக் குறைத்து அச்சிடுவது உலகெங்கும் உள்ள வழக்கம் என்பதால் இதில் நம் ஊர்க் கடைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய குறை, இடுப்பளவு சரியாகவே இருந்தாலும் அது பின்புறத்தின் அளவைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்பது. இடுப்பு 32 உள்ள இரண்டு பெண்களில் ஒருவருக்குச் சீட் எனப்படும் பின்புறச் சுற்றளவு 38 ஆகவும் மற்றவருக்கு 43 ஆகவும் இருக்கலாம். தயாரிப்பாளர் ஏதோ ஒரு சராசரி வித்தியாசத்தை வைத்துத்தான் துணியை வெட்டுகிறார். அந்தச் சராசரியிலிருந்து விலகியவர்களில் ஒருவருக்கு இடுப்பு தொளதொளக்கும். மற்றவருக்குத் தொடை ஏறாது.

இந்த வித்தியாசத்தையே அடிப்படையாக வைத்து பேன்ட் தைக்கலாம் என்று பெரிய அளவில் முயன்றது லீவைஸ் நிறுவனம். அறுபதாயிரம் பெண்களின் உடல் அளவுகளை ஆராய்ந்ததாகச் சொல்லி, 2010இல் கர்வ் ஐடி என்ற பெயரில் ஒரே இடுப்பளவுக்கு மூன்று விதமான வளைவுகளில் ஜீன்ஸை அது வெளியிட்டது. கருத்து மிகச் சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒவ்வோர் அளவுக்கும் மூன்று வளைவு, ஒவ்வொரு வளைவுக்கும் பல நிறம், பல உயரம் என்று கடைக்காரர் இருப்பு வைக்கத் தொடங்கினால் அலமாரி தாங்காது என்பது வியாபாரம் தெரிந்தவர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். இந்தியர்களுக்கென்று ஓர் அளவுப் பட்டியலை உருவாக்குவதற்காகத் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட், இந்தியாசைஸ் என்ற திட்டத்தின் கீழ் முப்பரிமாணக் கருவிகளால் 25,000 பேரை அளக்கத் திட்டமிட்டது. அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு நகரங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங் ஆகியவை. தென்னிந்தியாவுக்கு இரண்டு நகரங்கள் கிடைத்தும் சென்னைக்கு இடமில்லை என்பது எனக்குச் சிறிய மனத்தாங்கல்தான்.

இப்போதைக்கு நமக்குத் துணை, உடை மாற்றும் அறையின் கண்ணாடி ஒன்றுதான். அந்தக் கண்ணாடியில் பெரும்பாலோர் முன்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். பேன்ட் எங்கே பொருந்தவில்லை என்பதை அதில் விழும் மடிப்புகளே சொல்லிவிடும். கவட்டையிலிருந்து இருபுறமும் பூனை மீசை போல மடிப்புகள் விரிந்தால் சீட்டும் தொடையும் இறுக்கம் என்று பொருள். ஓர் அளவு பெரியதை எடுத்து இடுப்பைப் பிடித்துக்கொள்வதே வழி. பின்புறத்துக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் துணி தளர்ந்து தொங்கினால், உடலுக்குத் தேவையானதைவிடப் பின்பக்கத் துணி அதிகமாக இருக்கிறது. இது மகளுக்கு ஏறக்குறைய எல்லா ஜீன்ஸிலும் நேர்ந்தது. பக்கத் தையல் நேராக இறங்காமல் முன்னோக்கி வளைந்தால் வயிற்றுக்குத் துணி போதவில்லை. பின்னோக்கி வளைந்தால் பின்புறத்துக்குப் போதவில்லை. நின்று பார்த்து முடித்த பிறகு கட்டாயம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உட்காரும்போது இடுப்புப் பட்டி பின்னால் இறங்குகிறதென்றால் பின்பக்க ரைஸ் குறைவு. அதாவது கவட்டையிலிருந்து இடுப்புப் பட்டி வரை உள்ள உயரம் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் மூன்று நான்கு அங்குலமாவது கூடுதலாக இருக்க வேண்டும். மலிவான பேன்ட்டுகளில் துணியை மிச்சப்படுத்துவதற்காக இந்த இடத்தில்தான் கை வைக்கிறார்கள்.

இனி வகைகளுக்கு வருகிறேன். எங்கள் நால்வரில் அதிகம் பேருக்குப் பொருந்தியது, அதிகம் பேசப்பட வேண்டியதும், ஹை ரைஸ் ஸ்ட்ரெயிட் ஜீன்ஸ். இடுப்பின் மிக ஒடுங்கிய இடத்தில் பட்டி உட்கார்வதால் என் போன்ற உடல்வாகுக்கு இது ஒரு வரம். தொடையின் அகன்ற பகுதியிலிருந்து துணி காலைப் பிடிக்காமல் நேராக இறங்குவதால் பார்வை தொடையில் நிற்காமல் கீழே போய்விடுகிறது. இதில் நான் தேடிப் பார்ப்பது மூன்று இடங்கள். ஒன்று, பின்புறம் பட்டிக்குக் கீழே வி வடிவில் வைத்துத் தைத்திருக்கும் யோக் என்ற துண்டு. அந்த வி ஆழமாக இருந்தால் பின்புறத்தின் வளைவுக்குத் துணி இடம் கொடுக்கும். ஆழமின்றிக் கிட்டத்தட்ட நேர்கோடாக இருந்தால் எனக்கு இடுப்பில் இரண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி விழும். இரண்டாவது, இடுப்புப் பட்டி நேரான ஒரே துண்டா அல்லது வளைத்து வெட்டியதா என்பது; வளைத்து வெட்டிய பட்டி பின்னால் உடலோடு ஒட்டி நிற்கும். மூன்றாவது, பின் பாக்கெட்டுகள். சிறிய பாக்கெட்டுகளை ஒன்றுக்கொன்று தள்ளி வைத்தால் பின்புறம் இருப்பதைவிட அகலமாகத் தெரியும். மகளுக்கோ அதுவே ஆதாயம். மூடியும் பொத்தானும் வைத்த பாக்கெட் அவளுக்கு இல்லாத வளைவை இருப்பதாகக் காட்டியது.

அண்ணிக்கு இந்த ஜீன்ஸ் பாதி வெற்றிதான். வயிறு உள்ளவர்கள் பெரும்பாலும் பட்டியை வயிற்றுக்குக் கீழே கட்டிக்கொள்வதால் மேலே சதை பிதுங்கித் தெரிகிறது. அதற்குப் பதிலாகத் தொப்புளுக்கு மேலே பட்டி ஏறி நின்றால் வயிறு சமமாகத் தெரியும் என்பது உண்மையே. ஆனால் அதற்குத் துணி சற்றுக் கனமாக இருக்க வேண்டும். எலாஸ்டேன் எனப்படும் இழுவை நூல் ஒன்று இரண்டு சதவீதம் கலந்த ஜீன்ஸ் இதைச் செய்கிறது. அதற்கு மேல் கலந்து, துணியும் மெலிதாக இருந்தால், காலையில் பிடித்து நிற்பது மாலைக்குள் தளர்ந்து முட்டியில் பை தட்டிவிடுகிறது. லைக்ரா என்ற வணிகப் பெயரில் நாம் அறிந்திருக்கும் இந்த நூலை ட்யூபான் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958இல் உருவாக்கினார். அவர் அதை உள்ளாடைகளில் பயன்பட்டுவந்த ரப்பர் நூலுக்கு மாற்றாகவே கண்டுபிடித்தார். இன்று அது இல்லாத பெண்கள் பேன்ட் கிடைப்பதே அரிதாகிவிட்டது. அண்ணிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வயிற்றுக்கு ஏற்ற அளவு எடுத்தால் தொடையும் காலும் தொளதொளக்கின்றன. அவருக்கு நேர்வடிவத்தைவிட, முட்டிக்குக் கீழ் சற்றே ஒடுங்கும் ஸ்லிம் வகையே நன்றாக இருந்தது. மெலிந்த கால்களை மறைப்பதைவிடக் காட்டுவதுதான் அவருடைய உடல்வாகுக்கு அழகு என்பதை அவரே கண்ணாடியில் பார்த்து ஒப்புக்கொண்டார்.

ஹை ரைஸ் என்ற சொல்லை உயரம் குறைந்தவர்கள் அப்படியே நம்பக் கூடாது. சில நிறுவனங்களின் மிக உயர்ந்த ரைஸ் பன்னிரண்டு அங்குலம் வரை இருக்கிறது. தங்கையின் உடலில் அது விலா எலும்பைத் தொட்டு, உட்காரும்போது மூச்சை முட்டியது. அவளுக்கு ஒன்பது அங்குல மிட் ரைஸே தொப்புள் வரை எட்டிவிடுகிறது. அதுவே அவளுக்கு ஹை ரைஸ். ஆகவே அளவுச்சீட்டில் எழுதியிருக்கும் பெயரைப் பாராமல், உட்கார்ந்த நிலையில் நாற்காலியிலிருந்து தன் இடுப்புவரை எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே ஒருமுறை அளந்து வைத்துக்கொள்வது நல்லது. பழைய தையற்காரர்கள் இப்படித்தான் நாற்காலியில் உட்காரவைத்து அளவெடுப்பார்கள்.

அடுத்து, கால் ஒடுங்கி நேராக இறங்கும், குர்த்தியோடு அணியும் சிகரெட் பேன்ட். அலுவலகத்துக்குப் போகும் பெண்களில் பலர் இப்போது லெக்கின்ஸை விட்டு இதற்குத்தான் மாறியிருக்கிறார்கள். முன்புறம் தட்டையான பட்டி, பின்புறம் எலாஸ்டிக் என்ற அமைப்பு இடுப்பு ஒடுங்கியவர்களின் இடைவெளிப் பிரச்சினையைச் செலவில்லாமல் தீர்த்துவிடுகிறது. பருத்தியில் சிறிது லைக்ரா கலந்த இந்த பேன்ட் கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே முடிய வேண்டும். கால் மிக ஒடுங்கும் அந்த இடம் தெரிவதால் எல்லோருக்கும் உயரம் கூடியதாகத் தோன்றுகிறது. அதைவிட மேலே ஏறி, கெண்டைக்கால் சதையின் நடுவே முடிந்தால் அதே பேன்ட் காலைக் குட்டையாக்கிவிடுகிறது. இதில் பலரும் கவனிக்கத் தவறுவது குர்த்தியின் பக்கத் திறப்பு. அந்தத் திறப்பு இடுப்பெலும்பின் அருகே தொடங்குவதால், நடக்கும்போது உண்மையில் வெளியே தெரிவது தொடையின் பக்கவாட்டுதான். அந்த இடத்தில் பாக்கெட் வாய் பிளந்து நின்றால் எவ்வளவு நல்ல குர்த்தியும் வீண். அகன்ற தொடை உள்ளவர்கள் பக்கத் தையலிலேயே பாக்கெட் வைத்ததைத் தவிர்த்து, பாக்கெட் இல்லாததையோ முன்புறம் சாய்வாக வைத்ததையோ எடுக்கலாம். பாக்கெட்டே வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. கைப்பேசி நுழையாத அலங்காரப் பாக்கெட்டைப் பெண்களுக்கு மட்டும் ஏன் தைக்கிறார்கள் என்று தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

வெளிர் நிறச் சிகரெட் பேன்ட்டில் துணியின் கனத்தைச் சோதிக்காமல் வாங்கக் கூடாது. ஒரு பிரபலக் கடையில் வாங்கிய வெள்ளை பேன்ட், கடையின் மஞ்சள் விளக்கில் குறையின்றித் தெரிந்து, வெயிலில் உள்பாக்கெட்டின் விளிம்பு வரை காட்டிக்கொடுத்தது. உள்ளங்கையைத் துணிக்குள் விட்டு, கடை வாசல் வெளிச்சத்தில் பார்ப்பதே போதுமான சோதனை.

கால் மிக அகன்ற பலாஸோவும் வைட்லெக்கும் வயிறு, தொடை எல்லாவற்றையும் மறைத்துவிடும் என்ற எண்ணத்தில்தான் வாங்கப்படுகின்றன. மறைப்பது வேறு, அழகாகக் காட்டுவது வேறு. முழுச் சுற்றும் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கிய ரேயான் பலாஸோ, அண்ணியின் வயிற்றின் மேல் இன்னும் ஒரு சுற்றுத் துணியைச் சேர்த்து, இருக்கும் பருமனைக் கூட்டியே காட்டியது. முன்புறம் தட்டைப் பட்டியும் அதற்குக் கீழே ஒரு சாண் தூரத்துக்கு மடிப்பில்லாத துணியும் உள்ள வைட்லெக்கை அணிந்தபோது அதே வயிறு கண்ணில் படவே இல்லை. என் போன்றவர்களுக்கும் இதே விதிதான்: விரிவு தொடையிலிருந்து தொடங்க வேண்டும், இடுப்பிலிருந்து தொடங்கக் கூடாது. துணி வழுக்கி விழும் தன்மையோடு ஓரளவு கனமாகவும் இருந்தால் நேராகத் தொங்கும். மெல்லிய ரேயான் காற்றடித்தால் காலைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். தங்கை போன்றவர்கள் வைட்லெக்கையே தொடக் கூடாது என்று சொல்வோருடன் நான் உடன்படவில்லை. உயர்ந்த பட்டி, தரையை ஏறக்குறையத் தொடும் நீளம், மேலே இடுப்போடு முடியும் சட்டை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அவள் எங்கள் எல்லோரைவிடவும் உயரமாகத் தெரிந்தாள். முட்டிவரை நீண்ட குர்த்தியை அதன்மேல் போட்ட உடனே அந்த உயரம் காணாமல் போயிற்று. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள், சக்கரத்துக்குப் பக்கமாகத் தொங்கும் இந்தத் துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ளாமல் ஏறக் கூடாது.

பூட்கட் ஃபார்மல் பேன்ட்டுகளில் எனக்குக் கலவையான எண்ணம்தான். முட்டியில் ஒடுங்கிப் பாதத்தில் சற்றே விரியும் இந்த வடிவம் அகன்ற தொடைக்குக் கீழே ஒரு சமநிலையைக் கொடுக்கிறது என்பதால் எனக்குப் பிடிக்கும். உயரம் குறைந்தவர்களுக்கோ இது பெரும் ஏமாற்றம். உள்காலின் நீளம் முப்பது, முப்பத்திரண்டு அங்குலம் வைத்துத் தைக்கப்பட்ட பேன்ட்டில் முட்டி ஒடுங்கும் இடம் தங்கைக்குக் கெண்டைக்காலில் வந்து நிற்கிறது. நீளத்தைக் குறைக்கலாம் என்று கடையில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான்கு அங்குலத்தை வெட்டிய பிறகு விரிவுப் பகுதி பெரும்பாலும் குப்பைக் கூடைக்குப் போய், நேரான குழாய்தான் மிஞ்சுகிறது. அவளுக்கு உயரம் குறைந்தவர்களுக்கென்றே தனியாக வெட்டிய பேன்ட் வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் சில பெட்டீட் என்ற பெயரில் அதைத் தருகின்றன. நம் கடைகளில் அந்த அலமாரியே இல்லை, தமிழ்நாட்டுப் பெண்களின் உயரத்தை நினைத்தால் இது வியப்பாகத்தான் இருக்கிறது. முன்புறம் ப்ளீட் என்ற ஒற்றை மடிப்பு வைத்த ஃபார்மல் பேன்ட், நின்றபோது ப்ளீட் மூடியே இருந்தால் மட்டும் வாங்கத் தக்கது. திறந்துகொண்டால் ஓர் அளவு பெரியதைக் கேளுங்கள். விலையைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 18 சதவீதமும் ஜிஎஸ்டி என்பதால், அந்த எல்லையைச் சற்றே தாண்டும் பேன்ட்டுக்குத் தரத்தில் அதற்கேற்ற உயர்வு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது.

காலோடு ஒட்டி நிற்கும் ஸ்கின்னி ஜீன்ஸ், ஜீன்ஸ் போலத் தோன்றும் லெக்கின்ஸான ஜெக்கின்ஸ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை உடலின் வடிவத்தை அப்படியே காட்டுபவை, ஆகையால் தன் வடிவம் தனக்குப் பிடித்தவர்கள் தாராளமாக அணியலாம். இளம்பெண்கள் விரும்பும் லோ ரைஸ் பேகி ஜீன்ஸ், மகள் போன்ற நேர் உடல்வாகுக்கு இயல்பாக அமைகிறது. என் மேல் அது எப்படி இருந்தது என்பதை மகள் சிரித்த சிரிப்பே சொல்லிவிட்டது.

ஆயத்த பேன்ட் எதுவும் எல்லா இடங்களிலும் பொருந்தாது என்ற நிலையில், எந்தக் குறையைத் தையற்காரர் சரிசெய்ய முடியும், எதை முடியாது என்று தெரிந்துகொண்டு வாங்குவதே புத்திசாலித்தனம். இடுப்பைப் பிடிப்பது எளிது. பின்பக்க நடுத்தையலைப் பிரித்து ஒன்று, ஒன்றரை அங்குலம் வரை குறைத்து, பட்டியின் இணைப்பை நடு லூப்புக்கு அடியில் மறைத்துவிடலாம். அதற்கு மேல் பிடித்தால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவந்து பார்க்கவே விநோதமாக இருக்கும். ஜீன்ஸின் உள்கால் தையல் பெரும்பாலும் மடித்து இரட்டையாக அடித்திருப்பதால், காலைச் சிறிதாக்க வெளிப்பக்கத் தையலில்தான் கை வைக்க முடியும். அகலப்படுத்துவது மட்டும் நடக்காத காரியம். ஆயத்த ஆடையில் உள்ளே விடப்படும் தையல் துணி அரை அங்குலம்கூட இருப்பதில்லை. ரைஸைக் கூட்டவும் வழியில்லை. ஆகவே சீட்டும் ரைஸும் பொருந்தும் பேன்ட்டை எடுத்து இடுப்பையும் நீளத்தையும் திருத்திக்கொள்வதே சரியான வரிசை. நம்மில் பலர் இடுப்பு பொருந்துவதை எடுத்துவிட்டு மற்றவற்றோடு மல்லுக்கட்டுகிறோம்.

இந்தச் சேவையில் கடைகளின் தரம் மிகவும் வேறுபடுகிறது. வாங்கிய இடத்திலேயே நீளம் குறைத்துத் தருபவர்கள் உண்டு. ஆனால் அவர்களில் பலர் காலணியோடு நிற்கவைத்து அளவெடுப்பதில்லை, இரண்டு காலையும் தனித்தனியே அளப்பதும் இல்லை. ஜீன்ஸின் அடி விளிம்பில் துவைத்துத் தேய்ந்தது போன்ற நிறம் இருந்தால், அந்த விளிம்பை வெட்டி எடுத்து, குறைத்த நீளத்தில் மீண்டும் பொருத்தித் தரும்படி கேட்கலாம். நல்ல கைக்காரர் செய்தால் இணைப்பு கண்ணுக்குத் தெரியாது. தெருமுனைத் தையற்காரரிடம் துணி கொடுத்து பேன்ட் தைப்பதும் மறக்கக் கூடாத வழி. பெண்களுக்கான பேன்ட் தைக்கத் தயங்குபவர்களிடம், ஆண்களின் பேன்ட் தைக்கும் அதே முறையில் இடுப்பு, சீட், தொடை, முட்டி, பாட்டம், ரைஸ் என எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி, பக்கத் தையலிலும் பின் நடுத்தையலிலும் ஓர் அங்குலம் மார்ஜின் விடச் சொல்ல வேண்டும். எங்கள் நால்வரில் தங்கைக்கு மட்டும் இதுவே ஒரே தீர்வாக அமைந்தது. கடையில் எடுத்தாலும் தைத்துக்கொண்டாலும், பருத்தி பேன்ட்டை ஒருமுறை நனைத்துத் துவைத்து உலர்த்திய பிறகே நீளத்தை வெட்டக் கொடுங்கள். பருத்தித் துணி முதல் துவைப்பிலேயே சுருங்கும், அந்தச் சுருக்கம் பெரும்பாலும் நீளவாக்கில்தான் இருக்கும்.